மரத்த விரலின் வலி

ஆவணி மாதத்து மழை நாள் ஒன்றில் சர்தாருக்கு அந்த வலி வந்தது. தையல் மெஷினுக்கு அடியில் விழுந்த கத்தரிக்கோலை எடுக்கக் குனிந்து நிமிரும்போது வலது முழங்கையின் உள்பக்கம் மேஜை விளிம்பில் லேசாகத் தட்டியது. யாருக்கும் நடப்பதுதான். ஒரு நொடி சுர்ரென்று இழுத்துவிட்டு அடங்கிவிடும். அவருக்கு அடங்கவில்லை. சுண்டுவிரல் நுனிவரை ஓடிய இழுப்பு அங்கேயே நின்று எரிந்தது. சாயங்காலம் கடையைச் சாத்தும்போது முழங்கை எலும்புக்குப் பக்கத்தில் தொட்டுப் பார்த்தார். சணல் கயிறு தடிமனுக்கு ஏதோ ஒன்று தோலுக்கு அடியில் உருண்டது. தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டார்.

போளூர் ரோட்டில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய சீட் கவர் கடை அது. ஆட்டோவுக்கும் பைக்குக்கும் ரெக்சின் உறை தைப்பார்கள். தம்பி அமான் பழைய உறையைப் பிரித்து, ஃபோமைச் சரிபண்ணி, புது உறையை இழுத்து பின் அடிப்பான். தைப்பது மட்டும் சர்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தை ஏற்றி இறக்கி ஆட்டோ சீட்டெல்லாம் சீக்கிரமே கிழிந்துபோகும் ஊர் என்பதால் கடையில் வேலைக்குக் குறைவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மனைவி ரஹமத்துன்னிசாவைத் தனியாகக் கூப்பிட்டு முழங்கையைக் காட்டினார். அவள் தொடவில்லை. பார்த்ததுமே முகம் வெளிறிவிட்டது.

இரண்டு பேருக்கும் பழைய ஞாபகம்தான் வந்தது. மூன்று வருடங்களுக்கு முன் சர்தாரின் முன்கையில் ஒரு வெளிர்த் தேமல் தோன்றியது. அதன்மேல் எறும்பு ஊர்ந்தாலும் தெரியாது. உள்ளூரில் காட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, வேலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். தொழுநோய் என்றார்கள். ஒரு வருடம் மாத்திரை. மாத்திரையில் தோல் கருத்துப்போனது. கேட்டவர்களிடம் வெயில் என்று சொன்னார். சிகிச்சை முடிந்த அன்று டாக்டர் சந்திரகலா அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "நோய் தீர்ந்துடுச்சு. ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. கை கால்ல வலி, வீக்கம், மரத்துப்போறது, எது வந்தாலும் அன்னிக்கே பஸ் ஏறி இங்க வந்துடணும்" என்றார்.

அதற்கு முன்னால் ஒரு முறை வேறொன்றும் சொல்லியிருந்தார். வீட்டில் இருக்கிற மற்றவர்களையும் கூட்டிவந்து ஒருமுறை காட்டச் சொன்னார். "கூட்டினு வர்றோம் மேடம்" என்று தலையாட்டிவிட்டு வந்தார்கள். கூட்டிப் போகவில்லை.

காரணம் நூரைன்.

சர்தாருக்கும் ரஹமத்துன்னிசாவுக்கும் பிள்ளை இல்லை. பள்ளிவாசல் தெருவில் ஒரே வீட்டில்தான் அமானும் அவன் மனைவி உஸ்மாவும் இருந்தார்கள். உஸ்மா ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். அவளுக்கு மகள் நூரைன் பிறந்து, லீவு முடிந்து பள்ளிக்குத் திரும்பியபோது குழந்தை ரஹமத்துன்னிசாவின் கைக்கு வந்தது. பிறகு அந்தக் கையை விட்டு இறங்கவே இல்லை. ரஹமத்துன்னிசா ஊட்டினால்தான் சாப்பிடும். கடையிலிருந்து சர்தார் வரும் சத்தம் கேட்டால் "படே அப்பா" என்று பெரியப்பாவைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடும். அவர் மடியில்தான் தூங்கும்.

"அமான்கிட்ட சொல்லிடலாமா?" என்று சர்தார், நோய் தெரிந்த அன்று இரவே அறைக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

"சொன்னா உஸ்மாவுக்குத் தெரியும். தெரிஞ்சா புள்ளைய நம்மகிட்ட வுடுவாளா?" என்றாள் ரஹமத்துன்னிசா. பேச்சு அதோடு முடிந்தது.

இப்போது அதே அறையில், அதே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வேலூருக்குப் போலாங்க. அந்தம்மா அன்னிக்கே வரச்சொன்னாங்க."

"போனா இன்னா சொல்வாங்க? மறுபடி வந்துடுச்சுன்னு சொல்வாங்க. மறுபடி ஒரு வருஷம் மாத்திரை. மறுபடி கருத்துப்போவேன். எத்தினி தடவ வெயில்னு சொல்றது ரஹமத்? உஸ்மா படிச்சவ."

வெளியே கூடத்தில் நூரைன் ஏதோ ஒரு பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

"குந்திக்கினே தெச்சா நரம்பு புடிக்காதா? வேற எதுனாகூட இருக்கலாம். இங்கயே ஒருத்தர் இருக்காரு. பக்கத்து வீட்டு ஆராயி அக்காவுக்கு முட்டிவலி போனது அவருகிட்டதான்" என்றாள்.

அப்படித்தான் முருகையனிடம் போனார்கள். முன்பு எங்கேயோ கம்பவுண்டராக இருந்தவர். இப்போது ஒரு சந்துக்குள் ஒற்றை அறையில் மூட்டு, நரம்பு, இடுப்பு என எல்லா வலிக்கும் மருந்து தருகிறவர். அன்பாகப் பேசுவார். சர்தாரின் கையை நீட்டி மடக்கிப் பார்த்தார். சர்தார் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வேலை ஜாஸ்தி பாய். நரம்பு சூடு புடிச்சிருக்குது. வேற ஒண்ணுமில்ல" என்றவர், பேப்பரில் மடித்த பொட்டலங்களைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை. பெயர் எதுவும் இல்லை.

மறுநாளே பாதி வலி போனது. அதற்கடுத்த நாள் சர்தார் சிரித்துக்கொண்டே எழுந்தார். முழங்கையில் இருந்த முடிச்சுகூட வற்றியதுபோல் இருந்தது. முன்கையில் பழைய தேமல் இருந்த இடம் கொஞ்ச நாளாகச் சிவந்து தடித்திருந்ததை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதுவும் அடங்கியது. ரஹமத்துன்னிசா அன்றைக்கு இறைவனுக்கு நன்றி சொல்லி இரண்டு ரக்அத் சுக்ரானா தொழுதாள். பொட்டலம் தீர்ந்ததும் அவர் மாத்திரையை நிறுத்தினார். வலி இல்லாதவன் எதற்கு மாத்திரை சாப்பிடுவான்?

அடுத்த வாரமே வலி திரும்பி வந்தது. வந்தபோது முன்பைவிட ஆழமாக இறங்கியிருந்தது. முருகையன் மறுபடியும் பொட்டலம் கொடுத்தார். மறுபடியும் அடங்கியது. மறுபடியும் நிறுத்தினார். புரட்டாசி போய் ஐப்பசி வந்தபோது இது ஒரு பழக்கம்போல ஆகிவிட்டிருந்தது. மாத்திரை இருக்கும் நாட்களில் அவர் மனிதராக இருந்தார். இல்லாத நாட்களில் முழங்கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, போர்வை பட்டாலும் துள்ளி, விடியும்வரை உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை மடக்கக்கூட முடியாமல் அரைக்கைச் சட்டைக்கு மாறினார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் வளைய ஆரம்பித்தன. டம்ளரைப் பிடிக்கும்போது அந்த இரண்டு விரல்களும் மற்றவற்றோடு சேராமல் தனியாக நின்றன. ரஹமத்துன்னிசா அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

உஸ்மாவும் ஏதோ ஒன்றைக் கவனித்தாள்.

"பாபி, பாய்ஜான் முகம் ஏன் இப்படி உப்பியிருக்கு? ஷுகர் பாத்தீங்களா?" என்று சமையலறையில் ரஹமத்துன்னிசாவிடம் கேட்டாள்.

"தூக்கம் கம்மி உஸ்மா. தீபம் வருதில்ல, வேலை ஜாஸ்தி."

அது முழுப் பொய்யும் இல்லை. கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஊரில் பாதி ஆட்டோக்காரர்களுக்குப் புது சீட் வேண்டும். கடை வாசலில் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. சர்தார் பொட்டலத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு தைத்தார்.

தீபத்துக்குக் கொடியேறப் போகிற வாரம் ஒரு காலை அவர் எழுந்தபோது வலி இல்லை. மாத்திரை நிறுத்தி நாளாகியிருந்தது. வலி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கையை நீட்டினார், மடக்கினார். முழங்கையை மெல்ல அழுத்தினார். பிறகு கொஞ்சம் பலமாகவே அழுத்தினார்.

"ரஹமத்!"

அவள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தாள்.

"இல்ல ரஹமத். போயிடுச்சு. சுத்தமா இல்ல. பாரு, தட்டறேன் பாரு." அவர் முழங்கையைக் கட்டில் சட்டத்தில் தட்டிக் காட்டினார்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் சிரித்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவள் கறி எடுத்துவரச் சொன்னாள். ஜுமா தொழுகை முடிந்து வந்து, அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "இன்னா பாய்ஜான், ரொம்ப நாள் கழிச்சு முகத்துல வெளிச்சம்?" என்று அமான் கேட்டான். சாயங்காலம் சர்தார் நூரைனைத் தோள்மேல் ஏற்றிக்கொண்டு, மாடவீதியில் புதிதாகப் போட்டிருந்த கடைகளைச் சுற்றிக் காட்டிவிட்டு, அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் ஊதல் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்தார். பல மாதங்களுக்குப் பிறகு படுத்த உடனே தூங்கினார்.

மறுநாள் கடையில் தருமன் என்கிற ஆட்டோக்காரரின் சீட்டைத் தைத்துக்கொண்டிருந்தார். வெள்ளையும் நீலமுமான ரெக்சின். தருமன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். மோட்டார் மெஷின், காலால் அழுத்தினால் தடதடவென்று ஓடும். சர்தார் துணியைத் தள்ளிக்கொடுத்தபடியே தருமனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாய்... பாய்! கை!"

சர்தார் நிமிர்ந்து தருமனைத்தான் முதலில் பார்த்தார். அவர் ஏன் டீயைக் கொட்டிக்கொண்டு எழுந்தார் என்று புரியவில்லை. பிறகு கீழே பார்த்தார். உள்பக்கம் வளைந்திருந்த சுண்டுவிரல் துணியோடு சேர்ந்து ஊசிக்கு அடியில் போயிருந்தது. ஊசி நகத்துக்குக் கீழே இறங்கி, உடைந்து, உள்ளேயே நின்றது. அதற்கு முன்பே இரண்டு மூன்று தடவை குத்தியிருக்க வேண்டும். வெள்ளை ரெக்சினில் ரத்தம் ஓரமாக வழிந்துகொண்டிருந்தது.

அவருக்கு எதுவும் தெரியவில்லை. ஊசி குத்தியதும் தெரியவில்லை, இப்போது நிற்பதும் தெரியவில்லை. யாரோ ஒருவருடைய விரலைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அமான் ஓடிவந்து மெஷினை நிறுத்தி, சக்கரத்தைப் பின்னால் சுற்றி விரலை விடுவித்தான்.

"வலிக்குதா பாய்ஜான்? வலிக்குதா?"

சர்தார் இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் கண்ணில் நீர் வந்திருந்தது. வலியினால் வந்தது என்று அமான் நினைத்தான்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் இருந்தவர் இளம் டாக்டர். மரக்க ஊசி போடப் போனவர், சர்தார் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஊசியைக் கீழே வைத்தார். உடைந்த முனையை இடுக்கியால் பிடித்து உருவினார். சர்தார் முகம் சுளிக்கவில்லை. டாக்டர் பஞ்சை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, "தெரியுதா? இது? இது?" என்று கேட்டார். சுண்டுவிரலும் உள்ளங்கையின் அந்தப் பக்கமும் முழுக்கச் செத்திருந்தன. பிறகு டாக்டர் முழங்கையைத் தடவிப் பார்த்தார். முன்கையில் பழைய தேமல் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி எதுக்காவது ரொம்ப நாள் மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

அமான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சர்தார் அவனை ஒருமுறை பார்த்தார்.

"நீ கொஞ்சம் வெளிய இருடா."

"நான் எதுக்கு வெளிய இருக்கணும்?"

டாக்டர் காத்திருந்தார். சர்தார் சொன்னார். சொல்லும்போது தம்பியைப் பார்க்கவில்லை. கட்டுப்போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில் சர்தார், ரஹமத்துன்னிசா, அமான் மூன்று பேரும் வேலூர்ப் பக்கம் போனார்கள். அமான் தனியாக முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். ஆஸ்பத்திரியில் டாக்டர் சந்திரகலா சர்தாரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நெடுநேரம் சோதித்தார். தசை எவ்வளவு இருக்கிறது, உணர்ச்சி எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

"நோய் திரும்பி வந்துடுச்சா மேடம்?" என்று சர்தார் கேட்டார்.

"இல்ல. நோய் அன்னிக்கே முடிஞ்சிடுச்சு. கிருமி எல்லாம் செத்துப்போச்சு. ஆனா செத்த கிருமியோட துண்டுங்க நரம்புக்குள்ள ரொம்ப நாள் கிடக்கும். உடம்பு அதைப் பார்த்து, எதிரி இன்னும் இருக்கான்னு சண்டை போடுது. சண்டை நடக்கிற எடம் வீங்கும், சூடாகும், வலிக்கும். அழற்சின்னு சொல்வோம். தோல்ல வந்தா வீங்கிட்டு வத்திடும். முழங்கையில நரம்பு போற வழி ரொம்பக் குறுகல். வீங்கறதுக்கு எடம் கிடையாது. உள்ளயே நசுங்கும்."

"அப்ப அந்த வலி..."

"நரம்பு நசுங்கற வலி. அது உயிரோட இருந்தவரைக்கும் கத்துச்சு."

"போன வாரம் நின்னுடுச்சு மேடம்" என்றார் சர்தார். "நான் சரியாயிடுச்சுன்னு..."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இவ்வளவு நாள் என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

ரஹமத்துன்னிசா பையிலிருந்து கடைசிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். டாக்டர் வெள்ளை மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்போது சாப்பிட்டார், எப்போது நிறுத்தினார், நிறுத்தியதும் என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உப்பிய முகத்தைப் பார்த்தார்.

"இது ஸ்டீராய்டாதான் இருக்கணும். நானும் இதைத்தான் கொடுத்திருப்பேன்" என்றார்.

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள்.

"இதே மருந்துதான். ஆனா நான் மாசக்கணக்குல கொடுத்திருப்பேன். ஆரம்பத்துல ஜாஸ்தியா, அப்புறம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு. வலி போனாலும் நிறுத்தக்கூடாதுன்னு சொல்லியிருப்பேன். நீங்க ஒவ்வொரு தடவையும் நிறுத்துனதும் உள்ள சண்டை மறுபடி கிளம்பியிருக்கு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நரம்பு போயிருக்கு." சிறிது நிறுத்தி, "அன்னிக்கே வரச்சொன்னேனே" என்றார். குரலில் கோபம் இல்லை.

ரஹமத்துன்னிசா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் மேடம் அந்த ஆளுகிட்ட இட்டுனு போனேன்" என்றாள்.

டாக்டர் முழு சிகிச்சையை அன்றே தொடங்கினார். பிடிமானம் கொஞ்சம் திரும்பலாம், உணர்ச்சி சொல்ல முடியாது என்றார். அமான் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"எங்களுக்கு, வீட்ல இருக்கறவங்களுக்கு..."

"இவரால இப்ப யாருக்கும் எதுவும் வராது. முதல் மாசம் மாத்திரை சாப்பிட்டப்பவே அந்த பயம் போயிடுச்சு. ஆனா அதுக்கு முன்னாடி கூட இருந்தீங்க இல்ல, அதனால எல்லாரும் ஒரு தடவை காட்டிடுங்க. அப்பவே சொல்லியிருந்தேன்."

அமான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையைச் சர்தார் வெகுநாள் மறக்கவில்லை.

உஸ்மாவிடம் அமானே சொன்னான். மூடிய கதவுக்குப் பின்னால் பேச்சு கேட்டது, பிறகு நின்றது. உஸ்மா வெளியே வந்தபோது நூரைன் ரஹமத்துன்னிசாவின் மடியில் உட்கார்ந்து பால்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உஸ்மா குழந்தையைப் பிடுங்கவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றாள். வாயைத் துடைத்துத் தூக்கி அமானிடம் கொடுத்து, உள்ளே கொண்டுபோகச் சொன்னாள்.

"பாபி, நான் அறிவியல் டீச்சர். குஷ்டம்னா என்னன்னு எனக்குத் தெரியும். மாத்திரை சாப்பிட்டா பரவாதுன்னு எனக்குத் தெரியும். எங்கிட்ட சொல்லியிருந்தா நானே பாய்ஜானை பஸ் ஏத்தி விட்டிருப்பேன்."

"உஸ்மா, நான் பயந்துட்டேன்மா..."

"எதுக்குப் பயந்தீங்க? புள்ளையக் குடுக்க மாட்டேன்னு. சரி, குடுக்காம இருந்திருப்பேன், கொஞ்ச நாளைக்கு. ஆனா அவளை ஆஸ்பத்திரியில காட்டியிருப்பேன். டாக்டர் கூட்டினு வரச்சொல்லியும் நீங்க கூட்டினு போகல. என் பொண்ணு உடம்புல என்ன இருக்குதுன்னு தெரிஞ்சுக்க உங்களுக்கு இஷ்டமில்ல. தெரிஞ்சா என்கிட்ட சொல்லணுமே."

ரஹமத்துன்னிசா பால்சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"உன் புள்ள மாதிரியா அவள நான் வெச்சிருந்தேன்? என் புள்ள மாதிரி வெச்சிருந்தேன்."

"உங்க புள்ளையா இருந்தா காட்டியிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு உஸ்மா உள்ளே போனாள்.

குழந்தையைக் காட்டினார்கள். அவளிடம் எதுவும் இல்லை. அமானிடமும் உஸ்மாவிடமும் ரஹமத்துன்னிசாவிடமும் எதுவும் இல்லை. முன்னெச்சரிக்கையாகக் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டார்கள். தை பிறந்ததும் அமானும் உஸ்மாவும் குழந்தையோடு வேட்டவலம் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு பார்த்துக் குடிபோனார்கள். பள்ளிக்குப் பக்கம் என்று காரணம் சொன்னார்கள். நூரைன் தன் ஊதலை மறந்துவிட்டுப் போயிருந்தாள். ரஹமத்துன்னிசா அதை அன்றைக்கே அமானிடம் கொடுத்தனுப்பினாள். வீட்டில் குழந்தையுடைய பொருள் எதையும் வைத்துக்கொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை.

கடையில் தம்பி வந்துகொண்டுதான் இருந்தான். தைப்பதற்கு வேறு ஆள் வைத்தார்கள். சர்தார் சுண்ணாம்புக் கட்டியால் அளவு குறித்துக் கொடுப்பார், நூலும் பட்டனும் எடுத்துக் கொடுப்பார். வாடிக்கையாளர்களுக்கு விரலில் மெஷின் ஊசி ஏறிவிட்டது என்று மட்டும் தெரியும். அண்ணனும் தம்பியும் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

ஸ்டீராய்டு மாதம் மாதமாகக் குறைந்துகொண்டே வந்தது. முழங்கை முடிச்சு கரைந்தது. டம்ளரைப் பிடிக்கும் அளவுக்குக் கொஞ்சம் பலம் வந்தது. ஆனால் சித்திரை வெயில் ஏறியபோது, செத்த விரலில் ஒரு எரிச்சல் தொடங்கியது.

முதலில் சர்தார் நம்பவில்லை. கத்தியால் கீறினாலும் தெரியாத விரல், அடுப்புத் தணலில் வைத்ததுபோல் எரிந்தது. மரத்த இடத்தைச் சுற்றி ஒரு கோடுபோல் உணர்ச்சியுள்ள தோல் இருந்தது. அந்த இடத்தில் மின்விசிறிக் காற்று பட்டாலே சுள்ளென்றது. ஈரத் துணியைச் சுற்றிப் பார்த்தார். துணி பட்டதே பொறுக்கவில்லை. இந்த முறை அன்றைக்கே பஸ் ஏறினார்.

"செத்துப்போன விரல் எப்படி மேடம் வலிக்கும்?"

"விரல்ல வலி இல்ல. வலியைக் கொண்டுபோற கம்பி பழுதாயிடுச்சு" என்றார் டாக்டர் சந்திரகலா. "மாசக்கணக்குல அழற்சியில வெந்த நரம்பு அது. சண்டை முடிஞ்சாலும் அது பழைய நிலைக்குத் திரும்பறதில்ல. யாரும் தொடாமலே, தொட்ட மாதிரி, சுட்ட மாதிரி மூளைக்குச் சொல்லிக்கினே இருக்கும். முதுகுத்தண்டு நரம்பு வரைக்கும் அந்தச் சத்தம் பழகிப்போயிடும்."

"எப்ப நிக்கும்?"

"சிலருக்குக் கம்மியாகும். சிலருக்கு இப்படியே இருக்கும். பொய் சொல்ல மாட்டேன்."

வேறு மாத்திரை கொடுத்தார். அது தலையைக் கனமாக்கியது, வாயை உலர்த்தியது. எரிச்சலைக் கொஞ்சம் தள்ளி வைத்தது. சர்தார் ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டார்.

ஈத் அன்று தொழுகை முடிந்து அமான் குடும்பத்தோடு வந்தான். அவன் வருவான் என்று தெரியும். உஸ்மா வருவாள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. அவள் ஸலாம் சொல்லி, ரஹமத்துன்னிசாவைக் கட்டிப்பிடித்து விலகினாள். சட்டென்று விலகினாளா இல்லையா என்று ரஹமத்துன்னிசாவுக்குப் பிறகு எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. உஸ்மா சமையலறைக்குள் போய்ப் பாயசக் கிண்ணங்களை எடுத்து வைத்தாள்.

நூரைன் வளர்ந்திருந்தாள். வாசலில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு, பிறகு ஓடிவந்து சர்தாரின் முன்னால் இரண்டு கையையும் தூக்கினாள்.

அவர் தூக்கவில்லை. அந்தக் கைமேல் அவருக்கு நம்பிக்கை இல்லை.

"ஏன் தூக்கல?"

"கை வலிக்குது பேட்டா."

"எங்க? காட்டு."

அவர் வலது கையை நீட்டினார். இரண்டு விரல்கள் உள்ளே வளைந்து நின்றன. உஸ்மா சமையலறை வாசலில் கிண்ணத்தோடு நிற்பது அவருக்குத் தெரிந்தது. அவள் கூப்பிடுவாள் என்று காத்திருந்தார். கூப்பிடவில்லை. நூரைன் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, கன்னத்தை உப்பிக்கொண்டு, விரல்மேல் பலமாக ஊதினாள்.

காற்று பட்ட இடமெல்லாம் தீப்பிடித்தது. சர்தாரின் தாடை இறுகியது. ரஹமத்துன்னிசா ஒரு அடி முன்னால் வந்தாள். அவர் இடது கையை லேசாக உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"போயிடுச்சா?" என்று நூரைன் கேட்டாள்.

"இல்லம்மா. போகல" என்றார் சர்தார்.

அவள் மறுபடியும் ஊதினாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.